சீக்கு வந்த கோழியை என்ன செய்கிறோம்?

ஒரகடத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகும் வழியில், கார்த் தொழிற்சாலைகளின் மதில் முடிகிற இடத்தில் ஊர் தொடங்கிவிடுகிறது. வல்லம், வடகால், பிள்ளைப்பாக்கம் எல்லாம் பழைய ஏரிப்பாசன கிராமங்கள். நிலம் தொழிற்பூங்காவுக்குப் போயிருக்கலாம், மாடி அறைகள் வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கு வாடகைக்குப் போயிருக்கலாம். ஆனால் கொல்லையில் பத்துப் பதினைந்து நாட்டுக்கோழிகளும் ஒரு சேவலும் இன்னும் பல வீடுகளில் மேய்கின்றன. அவை பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் கைக்காசு. ஆடித் திருவிழாவுக்கும், விருந்தாளி வரும் ஞாயிற்றுக்கிழமைக்கும், அவசரச் செலவுக்கும் கைகொடுப்பவை.

பறவைக் காய்ச்சல் என்றாலே நாமக்கல்லின் கோழிப் பண்ணைகள்தான் நினைவுக்கு வருகின்றன. பண்ணைக்கு வேலி உண்டு, மருத்துவர் உண்டு, வாசலில் மருந்து தெளிக்க ஆள் உண்டு. கொல்லைக் கோழிக்கு இதெல்லாம் ஏது? அது காலையில் பஞ்சாரத்தைத் திறந்ததும் தெருவுக்குப் போகிறது, ஏரிக்கரைக்குப் போகிறது, இறைச்சிக் கடை வாசலில் குப்பையையும் கிளறுகிறது.

நீர்ப்பறவைகளே பறவைக் காய்ச்சல் வைரஸின் இயற்கையான இருப்பிடம். எச்சம் வழியே அது தண்ணீருக்கு வருகிறது. குளிர்ந்த நீரில் பல நாள் தாக்குப்பிடிக்கிறது. ஐப்பசி மழைக்குப் பிறகு செம்பரம்பாக்கம் முதல் வேடந்தாங்கல் வரை இந்த வட்டாரத்து ஏரிகளில் வலசைப் பறவைகள் இறங்குகின்றன. அதே பருவத்தை ஒட்டி, அறுவடை முடிந்த வயல்களில் மேய்ச்சல் வாத்துக் கூட்டங்களும் ஊர் ஊராக வருகின்றன. வாத்து நோயைச் சுமந்தபடியே ஆரோக்கியமாகத் திரியக்கூடும். அது நின்ற தண்ணீரைக் குடித்த கோழிதான் செத்து விழும். அதற்காகப் பறவைகளை விரட்டுவதோ, மரத்தை வெட்டுவதோ வீண் வேலை. நோயை ஊர்விட்டு ஊர் கொண்டுபோவதில் சிறகுகளைவிடச் சந்தைக்குப் போகும் கூடைக்குப் பெரும் பங்கு உண்டு.

இந்தியாவில் முதல் முறையாக 2006 பிப்ரவரியில் மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில் இந்நோய் உறுதியானபோது, அடிபட்டவை பெரும்பாலும் பண்ணைகள். ஓரிடத்தில் திரண்டிருந்த பறவைகளை அழித்து, பரவலை நிறுத்த முடிந்தது. 2008 ஜனவரியில் மேற்கு வங்கத்தின் பீர்பூம் மாவட்டத்தில் தொடங்கியது வேறு கதை. அங்கே கோழிகள் வீட்டுக்கு வீடு, கொல்லைக்குக் கொல்லை சிதறிக் கிடந்தன. 13 மாவட்டங்களுக்கு நோய் பரவியது; 30 லட்சத்துக்கும் மேற்பட்ட பறவைகள் கொல்லப்பட்டன. பலர் கோழிகளை ஒளித்துவைத்தார்கள், விற்றார்கள், அறுத்துச் சமைத்தார்கள். அறியாமை என்று அவர்களை ஏசுவது சுலபம். வீட்டில் இருக்கும் ஒரே சொத்தைப் பிடித்துப்போக ஆள் வந்தால், யாரும் முதலில் கதவைத்தான் சாத்துவார்கள்.

ஒளித்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. கிராமத்தில் கோழி கூட்டமாகச் சாவது புதிதல்ல. வெள்ளைக்கழிச்சல் என்றும் ராணிக்கெட் என்றும் சொல்லப்படும் கோழிக்கழிச்சல் நோய் திடீரென்று வந்து மந்தையையே காலி செய்யும். அதிலும் கோழி சுணங்கும், மூச்சு வாங்கும், கழியும், சாகும். கொண்டை நீலம் பாய்வது, முகம் வீங்குவது, காலில் இரத்தக்கட்டு தெரிவது ஆகியவை பறவைக் காய்ச்சலைச் சந்தேகிக்க வைக்கும் அடையாளங்கள். ஆனாலும் ஆய்வகம் சொல்லாமல் எந்த நோய் என்று உறுதி செய்ய முடியாது. “சீக்கு வந்துடுச்சு” என்று எல்லாச் சாவையும் ஒரே கணக்கில் எழுதும் ஊரில், ஆபத்தான சாவு கவனிக்கப்படாமலே போய்விடும்.

ஆகவே கோழிக்கழிச்சலுக்குத் தடுப்பூசி போடுவது பறவைக் காய்ச்சலிலும் ஒரு வகையில் உதவுகிறது. அது பறவைக் காய்ச்சலைத் தடுக்காது. ஆனால் தடுப்பூசி போட்ட கோழிகள் இரண்டே நாளில் மடமடவென்று செத்தால், ‘இது வழக்கமான சீக்கு இல்லையே’ என்று சந்தேகம் வரும். சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் மேற்கே போனால் வரும் ராணிப்பேட்டையில், 1932 முதல் இயங்கும் கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையம் இந்தத் தடுப்பு மருந்தைத் தயாரிக்கிறது. குஞ்சுக்கு முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு, எட்டு வார வாக்கில் இறக்கையடியில் ஊசி. ஆண்டுதோறும் பிப்ரவரியில் கால்நடை பராமரிப்புத் துறை இருவார இலவச முகாம் நடத்துகிறது. ஷிஃப்டு முடிந்து தூங்கும் வீட்டில் கோழியைப் பிடித்துக்கொடுக்க ஆள் கிடைப்பதுதான் சிரமம். முந்திய இரவே பஞ்சாரத்தில் கவிழ்த்துவைத்தால் காலையில் துரத்த வேண்டியதில்லை.

மற்றவை சின்ன வேலைகள். தீவனத்தையும் தண்ணீரையும் கூரைக்குக் கீழே வைப்பது. நோய்ச் செய்தி வந்த நாள்களில் கோழியை அடைத்து வளர்ப்பது. சந்தையில் வாங்கிய கோழியை இரண்டு வாரம் தனியே வைப்பது. கோழிக் கூண்டுக்கென்று ஒரு ஜோடி செருப்பு ஒதுக்குவது. சோப்புத் தண்ணீருக்கே இந்த வைரஸின் மேலுறை கரைந்துவிடும் என்பதால் கை கழுவுவதும் நல்ல மருந்துதான். ஊர் ஊராகக் கூண்டுவண்டியில் வரும் கோழி வியாபாரியைக் கொல்லைக்குள் விடாமல், வாசலிலேயே பேரம் முடிப்பது இதில் எல்லாவற்றையும்விடப் பயனுள்ளது.

சந்தேகம் வந்தால் மாதிரிகள் போபாலில் உள்ள உயர் பாதுகாப்பு ஆய்வகத்துக்குப் போகின்றன. உறுதியானால் 1 கிலோமீட்டர் சுற்றுவட்டாரத்தில் பறவைகள் அழிக்கப்படும். 10 கிலோமீட்டர் வரை கண்காணிப்பு. ஒரகடத்தில் அந்த வட்டத்துக்குள் விடுதிகளும் பிரியாணிக் கடைகளும் பிராய்லர் கடைகளும் நெருங்கிக் கிடக்கும். அழிக்கப்படும் பறவைக்கும் முட்டைக்கும் தீவனத்துக்கும் இழப்பீடு உண்டு; 2021 ஜனவரியில் கேரளம் இரண்டு மாதத்துக்கு மேற்பட்ட பறவைக்கு 200 ரூபாய், இளையதற்கு 100 ரூபாய், முட்டைக்கு 5 ரூபாய் அறிவித்தது. நாட்டுக்கோழியின் சந்தை விலைக்கு இது ஈடாகாது என்று வளர்ப்பவர்கள் முணுமுணுப்பதில் நியாயம் இருக்கிறது. அந்தத் தொகை உயராமல் ‘தகவல் சொல்லுங்கள்’ என்று எத்தனை முகாமில் சொன்னாலும் பாதிப் பேர்தான் கேட்பார்கள்.

நன்றாக வெந்த கறியாலும் முட்டையாலும் ஆபத்தில்லை. 70 டிகிரி வெப்பத்தில் வைரஸ் செத்துவிடும். சிக்கல் வேகவைப்பதற்கு முன்னால், சீக்குக் கோழியை அறுத்து இறகு பிடுங்கும் கையில் இருக்கிறது. மனிதர்களுக்கு இது அரிதாகவே தொற்றுகிறது. ஆனால் 2021 ஜூலையில் ஹரியானாவைச் சேர்ந்த ஒரு சிறுவன் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் இறந்தான்; நாட்டின் முதல் எச்5என்1 பறவைக் காய்ச்சல் மனித மரணம் அது. 2025 மார்ச்சில் ஆந்திரத்தின் நரசராவ்பேட்டையைச் சேர்ந்த இரண்டு வயதுக் குழந்தை இறந்தது. பச்சைக் கறித்துண்டு ஒன்றைத் தின்றிருந்ததாகப் பெற்றோர் சொன்னார்கள். கோழி திடீரென்று செத்தால் வெறுங்கையால் தொடாமல், குப்பையிலோ ஏரியிலோ வீசாமல், பக்கத்துக் கால்நடை மருந்தகத்துக்கோ 1962 என்ற எண்ணுக்கோ சொல்லிவிட வேண்டும்.