நோட்டு 40 ரூபாய்... ஒரு பக்கம் எத்தனை காசு? - அருப்புக்கோட்டை, திருச்சுழி வீடுகளின் ஜூன் மாதக் கணக்கு!

ஜூன் மாதம், பள்ளிக்கூடம் திறக்கும் வாரம். திருச்சுழி பக்கத்துக் கிராமங்களிலிருந்து அருப்புக்கோட்டை வரும் காலை நேர பஸ்களில், கையில் மடித்து வைத்த ஒரு காகிதத்தோடு அம்மாக்கள் உட்கார்ந்திருப்பார்கள். பிள்ளைகளின் பள்ளியில் கொடுத்த லிஸ்ட் அது. நாலு கோடு நோட்டு, இரட்டைக் கோடு நோட்டு, கட்டம் போட்ட கணக்கு நோட்டு, லாங் சைஸ் நோட்டு, பிரவுன் ஷீட், லேபிள், ஜாமெட்ரி பாக்ஸ், ஸ்கெட்ச் பேனா என்று ஒரு பக்கத்துக்கு நீளும்.

அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடப்புத்தகம், நோட்டு, பை, கலர் பென்சில் போன்றவற்றை வகுப்பைப் பொறுத்து அரசே விலையில்லாமல் தருகிறது. தனியார் பள்ளியில் சேர்த்தவர்களுக்கு முழு லிஸ்டும் கைக்காசு. விசைத்தறிக் கூலி, மில் சம்பளம், மழை பெய்தால் மட்டுமே கை கொடுக்கும் கரிசல் விவசாயம்... இந்த வருமானத்தில்தான் அந்த லிஸ்ட்டை வாங்கியாக வேண்டும். 2021 மே 8 முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால், ஊர் பெட்டிக்கடையில் கேட்ட விலைக்கு வாங்காமல், டவுனுக்கு வந்து நாலு கடை விசாரிக்க முடிகிறது.

விசாரிப்பதற்கு முன்னால் ஒன்றைத் தெரிந்துகொள்வது நல்லது. அட்டையில் இருக்கும் விலை மட்டும் உண்மையான விலையைச் சொல்லிவிடாது. நோட்டாக இருந்தாலும், பிரின்டர் மையாக இருந்தாலும், சந்தையில் பார்த்தவுடன் ஆசைப்பட்டு வாங்கும் சின்னச் சின்ன வீட்டுப் பொருளாக இருந்தாலும் இது பொருந்தும்.

பக்கத்தை எண்ணுங்கள்!

பழைய கடைக்காரர்கள் இன்றும் நோட்டை 'குயர்' கணக்கில்தான் சொல்வார்கள். ஒரு குயர் என்பது 24 தாள். நடுவில் மடித்தால் 48 இலை, இரு பக்கமும் எண்ணினால் 96 பக்கம். இரண்டு குயர் நோட்டு என்றால் 192 பக்கம். இப்போது கடையில் 192 தவிர 180, 172, 160 எனப் பல அளவுகள் கிடைக்கின்றன. கையில் எடுத்தால் எல்லாம் ஒரே கனமாகத்தான் தெரியும். சில நோட்டுகளில், விவரம் அச்சடித்த பக்கங்களும் அட்டையும்கூட மொத்த எண்ணிக்கையில் சேர்ந்துவிடும்.

ஓர் உதாரணம் பார்ப்போம். 160 பக்க நோட்டு 40 ரூபாய், 192 பக்க நோட்டு 45 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். முதலாவதில் ஒரு பக்கத்துக்கு 25 காசு. இரண்டாவதில் 23 காசு சொச்சம். சின்ன நோட்டில் 12 வாங்கினால் 1,920 பக்கத்துக்கு 480 ரூபாய். பெரிய நோட்டில் 10 வாங்கினாலே அதே 1,920 பக்கம், 450 ரூபாய்தான். 5 ரூபாய் 'குறைவு' என்று எடுத்த நோட்டு, கடைசியில் 30 ரூபாய் கூடுதலாக வாங்கிவிடுகிறது.

அடுத்தது, தாளின் தடிமன். ஒரு சதுர மீட்டர் தாளின் எடையை 'ஜிஎஸ்எம்' என்கிறார்கள். மிக மெல்லிய தாளில் பேனா மை மறுபக்கம் தெரியும். அந்தப் பக்கத்தில் எழுத முடியாமல் போனால், 160 பக்கம் 80 பக்கமாகிவிடும். கடையிலேயே கடைசிப் பக்கத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தால் தெரிந்துவிடும்.

பிரின்ட் எடுக்கும் ஏ4 பேப்பர் கட்டுக்கு வீட்டுத் தராசே போதும். 500 தாள் கொண்ட ஒரு ரீம், 70 ஜிஎஸ்எம் என்றால் சுமார் 2.2 கிலோ, 75 என்றால் 2.3 கிலோவுக்குச் சற்று மேல், 80 என்றால் 2.5 கிலோ இருக்க வேண்டும். உறையில் 75 என்று போட்டு எடை 2 கிலோ தாண்டவில்லை என்றால், ஒன்று தாள் மெலிசு, இல்லை எண்ணிக்கை குறைவு.

வரி குறைந்தது... விலை குறைந்ததா?

2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி விகிதங்கள் மாறின. 12 சதவீத வரி இருந்த நோட்டு, பென்சில், ஷார்ப்னர், கிரேயான் ஆகியவற்றுக்கும், 5 சதவீதம் இருந்த ரப்பருக்கும் இப்போது வரி இல்லை. ஜாமெட்ரி பாக்ஸுக்கு 12 சதவீதம் 5 ஆனது. பிரின்டர் மைக்கு 18 சதவீத வரி அப்படியே தொடர்கிறது.

அதற்காக நோட்டு விலை நேராக 12 சதவீதம் இறங்கிவிடும் என்று எதிர்பார்க்க முடியாது. நோட்டு தயாரிக்கும் வெள்ளைத் தாளுக்கு வரி நீக்கப்பட்டாலும், மேலட்டை, மை, பசை என மற்ற பொருள்களுக்குத் தயாரிப்பாளர் வரி கட்டித்தான் வாங்குகிறார். விற்கும் பொருளுக்கு வரி இல்லாதபோது, கட்டிய அந்த வரியைத் திரும்பக் கழித்துக்கொள்ள வழியில்லை. அது விலையில் சேர்ந்துவிடும். ஆனாலும், வரி மாற்றத்துக்கு முன் அச்சான பழைய விலையிலேயே நோட்டு விற்கப்படுகிறதா என்பதைத் தயாரிப்பு மாதம், வருடம் பார்த்துக் கேட்கலாம்.

காய்ந்த காற்று கொடுத்த தொழில்

அருப்புக்கோட்டைக் கடைகளில் இருக்கும் நோட்டுகளில் பல, தூர தேசத்திலிருந்து வருபவை அல்ல. அதே விருதுநகர் மாவட்டத்துச் சிவகாசியில் அச்சாகி, தைத்து, வெட்டி வருபவை. 1920-களில் கல்கத்தா போய் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் அங்கே அதைத் தொடங்கினார்கள். தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் தேவைப்பட்டது. லேபிளுக்காக அச்சகம் வந்தது. பிறகு காலண்டர், டைரி, நோட்டு என்று அச்சுத்தொழில் தனியாக வளர்ந்தது.

மேற்குத் தொடர்ச்சி மலை தென்மேற்குப் பருவமழையை மறித்துவிடுவதால், இந்தப் பக்கம் ஆண்டின் பெரும்பகுதி வறண்ட காற்றுதான். விவசாயத்துக்குச் சாபமான அந்தக் காற்று, தீக்குச்சி மருந்து காயவும், அச்சு மை உலரவும், காகிதம் ஈரம் இழுக்காமல் இருக்கவும் உதவியது.

அதே காற்று, வீட்டில் பிரின்டர் வைத்திருப்பவருக்கு மட்டும் எதிரி!

பிரின்டர் மலிவு... மை?

இன்க்ஜெட் பிரின்டரில் மை வெளிவரும் துளை, தலைமுடியைவிட மெல்லியது. மையில் பெரும்பகுதி தண்ணீர். மாதக்கணக்கில் பிரின்ட் எடுக்காமல் விட்டால், துளையில் இருக்கும் மை காய்ந்து அடைத்துக்கொள்ளும். சித்திரை, வைகாசி வெயிலில், பள்ளி விடுமுறையில் தொடாமல் கிடக்கும் பிரின்டர், ஜூனில் கோடு கோடாக அச்சடிப்பது இதனால்தான். 'ஹெட் கிளீனிங்' கொடுத்தால் சரியாகலாம். ஆனால், சுத்தம் செய்யச் செலவாவதும் அதே மைதான். பாதி கார்ட்ரிட்ஜ் பிரின்டே எடுக்காமல் தீர்ந்துபோகும் மர்மம் இங்கேதான் இருக்கிறது.

பிரின்டரைக் குறைந்த விலைக்குக் கொடுத்து, மையில் லாபம் பார்ப்பது இந்தத் தொழிலின் பழைய வழக்கம். உலகம் முழுக்க இது வழக்குவரை போயிருக்கிறது. காலி கார்ட்ரிட்ஜை நிரப்பி விற்றவர்கள் மீது லெக்ஸ்மார்க் நிறுவனம் தொடர்ந்த வழக்கில், ஒரு பொருளை விற்றுவிட்ட பிறகு அதன் மீது காப்புரிமையைக் காட்டித் தடுக்க முடியாது என்று 2017 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

சரி, நம் வீட்டுக்கு எது லாபம்? இதிலும் பக்கக் கணக்குதான். கார்ட்ரிட்ஜ் உறையிலும் மை பாட்டில் உறையிலும் எத்தனை பக்கம் வரும் என்று போட்டிருப்பார்கள். விலையை அந்த எண்ணால் வகுத்தால் போதும்.

உதாரணத்துக்கு, 900 ரூபாய் கார்ட்ரிட்ஜ் 180 பக்கம் தந்தால், ஒரு பக்கத்துக்கு மை செலவு 5 ரூபாய். 450 ரூபாய் மை பாட்டில் 4,500 பக்கம் தந்தால், ஒரு பக்கத்துக்கு 10 காசு. ஆனால், பாட்டில் மை ஊற்றும் 'இன்க் டேங்க்' பிரின்டரின் விலை அதிகம். அந்த வித்தியாசம் 8,000 ரூபாய் என்றால், அதை மீட்க சுமார் 1,630 பக்கம் அச்சடிக்க வேண்டும். மாதம் 20 பக்கம் மட்டும் எடுக்கும் வீட்டில், அதற்கு ஏழு வருடம் ஆகும்!

அதே 20 பக்கத்தை, பக்கத்துக்கு 3 ரூபாய் வாங்கும் ஜெராக்ஸ் கடையில் எடுத்தால் வருடத்துக்கு 720 ரூபாய். கார்ட்ரிட்ஜில் எடுத்தால் மை மட்டுமே 1,200 ரூபாய். பிள்ளையின் புராஜெக்ட்டுக்கும், எப்போதாவது ஒரு சான்றிதழுக்கும் மட்டும் பிரின்ட் தேவைப்படும் வீட்டுக்குப் பிரின்டரே வாங்காமல் இருப்பதுதான் மலிவு. தினமும் வினாத்தாள் எடுக்கும் டியூஷன் சென்டர், பில் போடும் கடை ஆகியவற்றுக்கு இன்க் டேங்க் சீக்கிரமே காசைத் திருப்பிவிடும். கறுப்பு வெள்ளை மட்டும் போதும், எப்போதாவதுதான் தேவை என்பவர்கள் லேசர் பிரின்டரைப் பார்க்கலாம். அதில் இருப்பது டோனர் பொடி என்பதால், காய்ந்துபோகும் பிரச்னை இல்லை.

உறையில் போட்டிருக்கும் பக்க எண்ணிக்கை, பெரும்பாலும் எழுத்து மட்டும் இருக்கும் பக்கத்தை மனதில் வைத்த கணக்கு. அதில் தாளின் 5 சதவீத இடத்தில்தான் மை படும். முழுப் பக்கக் கலர் படம் ஒன்று, அதைப் போலப் பல பக்கங்களின் மையைக் குடித்துவிடும்.

பிரின்டர் இருக்கும் வீடுகள் கவனிக்க...

* வாரம் ஒரு பக்கம், எல்லா நிறமும் வருவது போல எடுங்கள். மை காயாது.
* பிரின்டரை அதன் பட்டனில் அணைத்த பிறகே ஸ்விட்சை அணையுங்கள். அப்போதுதான் மைத்தலை மூடிக்கொள்ளும்.
* ஜன்னல் வெயிலிலும் தகரக் கூரைக்குக் கீழும் பிரின்டரையோ, மை பாட்டிலையோ வைக்க வேண்டாம்.
* வீட்டுப்பாடத்துக்கு 'டிராஃப்ட்' முறை போதும்.
* மாற்று மை வாங்கினால், உங்கள் பிரின்டர் மாடலுக்கு உரியதா என்று கேட்டு, பில்லோடு வாங்குங்கள்.

'எது எடுத்தாலும்' கடையில்...

லிஸ்ட் வாங்கி முடித்துத் திரும்பும்போது, கண்ணில் படும் அடுத்த இடம் 'எது எடுத்தாலும்' ஒரே விலைக் கடை. ஆடி கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி போனாலும், பங்குனிப் பொங்கலுக்கு விருதுநகர் போனாலும் இந்தக் கடைகள் உண்டு. கயிறு இழுத்தால் காய் நறுக்கும் டப்பா, ஒட்டும் கொக்கி, யுஎஸ்பி விசிறி, ஆள் வந்தால் எரியும் விளக்கு... எல்லாமே ஆசையைக் கிளப்பும்.

இங்கே கேட்க வேண்டிய கேள்வி, இது எத்தனை நாள் உழைக்கும் என்பது. ஒட்டும் கொக்கி டைல்ஸில் நிற்கும். சுண்ணாம்பு அடித்த சுவரில் காரையோடு உரிந்து விழும். காய் நறுக்கியின் கயிறு அறுந்தால் மாற்றுக் கயிறு கிடைக்குமா என்று அந்தக் கடையிலேயே கேட்டுவிடலாம். 100 ரூபாய்ப் பொருள் ஒரு மாதத்தில் உடைந்தால், மாத வாடகை 100 ரூபாய் என்றுதான் அர்த்தம்.

கரன்ட்டில் மாட்டும் பொருள் என்றால் விலை பார்ப்பதற்கு முன் முத்திரையைப் பார்ப்பது அவசியம். ஐஎஸ்ஐ முத்திரையோடு இருக்கும் உரிம எண்ணையும், சார்ஜர் போன்றவற்றில் 'ஆர்' எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணையும் 'பிஐஎஸ் கேர்' ஆப்பில் போட்டு உண்மையா என்று சரிபார்க்கலாம். பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை 2021 ஜனவரி 1 முதல் கட்டாயம்.

ஆன்லைனில் வாங்குவோர் பொருள் எந்த நாட்டில் தயாரானது, குறைதீர்ப்பு அலுவலர் யார் என்ற விவரங்களைப் பார்க்க வேண்டும். 2020-ம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி, இவற்றைக் காட்டுவது கட்டாயம். அதிகபட்ச சில்லறை விலைக்கு மேல் கேட்டாலோ, குறைபாடுள்ள பொருளை மாற்றித் தர மறுத்தாலோ, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம்.

ஒரு லைட்டரின் விலை

அந்தக் கடைகளில் இருக்கும் 10 ரூபாய் பிளாஸ்டிக் லைட்டர், இந்த மாவட்டத்துக்கு வேறு ஒரு விலையும் வைத்தது. சிவகாசி, சாத்தூர், பக்கத்து மாவட்டத்துக் கோவில்பட்டி வட்டாரங்களில் பெண்கள்தான் பெரும்பாலும் தீப்பெட்டி வேலைக்குப் போகிறார்கள். 14 வருடங்களாக ஒரு ரூபாயாகவே இருந்த தீப்பெட்டி, 2021 டிசம்பர் 1-ம் தேதிதான் 2 ரூபாய் ஆனது. ஒரு லைட்டர் 20 தீப்பெட்டிகளின் விற்பனையைத் தடுக்கிறது என்பது தொழிலில் இருப்பவர்கள் சொல்லும் கணக்கு. அவர்களின் தொடர் கோரிக்கைக்குப் பிறகு, 20 ரூபாய்க்கும் குறைவான லைட்டர்களின் இறக்குமதிக்கு 2023 ஜூன் இறுதியில் மத்திய அரசு தடை விதித்தது. 2024 அக்டோபரில் லைட்டர் உதிரிபாகங்களுக்கும் கட்டுப்பாடு வந்தது.

டவுன் பஸ்ஸில் லிஸ்ட்டோடு வரும் அம்மாக்களில், தீப்பெட்டி ஒட்டிய கூலியில் நோட்டு வாங்க வருபவர்களும் உண்டு. நோட்டுத் தைக்கும் பட்டறையில் வேலை பார்ப்பவர்களும் உண்டு. அவர்களுக்கு ஒவ்வொரு 5 ரூபாயும் கணக்குதான். அடுத்த முறை லிஸ்ட்டோடு கடைக்குப் போகும்போது, போனில் கால்குலேட்டரைத் திறந்து விலையைப் பக்கத்தால் ஒருமுறை வகுத்துப் பாருங்கள். மிச்சமாகும் 30 ரூபாயில், லிஸ்ட்டில் இல்லாத ஒரு கலர் பென்சில் பாக்கெட்டை பிள்ளைக்கு வாங்கிக் கொடுக்கலாம்.