ஜெரிங் காய்க்குள் ஒரு கார்பன்

சென்ற ஆண்டு செமஸ்டர் விடுமுறையில் ஒரு நள்ளிரவு, பெரியம்மா தொலைபேசியில் அழைத்தார். பெரியப்பாவுக்கு இடுப்புக்கு மேலே பின்பக்கம் தாங்க முடியாத வலி, சிறுநீரில் இரத்தம். மருத்துவமனையில் டாக்டர் எடுத்த எடுப்பிலேயே கேட்ட கேள்வி, "ஜெரிங் சாப்பிட்டீர்களா?"

சாப்பிட்டிருந்தார். அன்று மதியம் பக்கத்து வீட்டுக் கெண்டூரியில், சம்பல் பெலாச்சானோடு, பத்துப் பன்னிரண்டு.

நீர் ஏற்றிச் சிகிச்சை அளித்தார்கள். மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டார். "எல்லாம் உடம்புச் சூடு" என்று பாட்டி முடித்துவிட்டார். பெரியம்மா விடவில்லை. "ஏம்மா, நீ கெமிஸ்ட்ரிதானே படிக்கிற? அந்தக் காயில அப்படி என்னதான் இருக்கு?" என்றார். "ஏதோ ஒரு ஆசிட், பெரியம்மா" என்றேன். இரண்டாம் ஆண்டு வேதியியல் மாணவி சொல்லக்கூடிய பதிலா அது? பல்கலைக்கழகத்துக்குத் திரும்பியதும் தேடிப் படித்தேன்.

அந்தப் பொருளின் பெயர் ஜெங்கோலிக் அமிலம். ஜாவாவில் ஜெரிங் காயை ஜெங்கோல் என்பார்கள்; பெயர் அங்கிருந்து வந்தது. 1930களில், இன்று ஜக்கார்த்தா எனப்படும் பத்தாவியாவில் வான் வீன், ஹைமன் என்ற இரு ஆய்வாளர்கள் இதைக் கண்டுபிடித்தார்கள். முதலில் கண்டுபிடித்தது காயில் அல்ல. காயைச் சாப்பிட்டு நோயுற்ற ஜாவா மக்களின் சிறுநீரில். அதற்குப் பிறகே காயிலிருந்தும் பிரித்தெடுத்தார்கள். பேரியம் ஹைட்ராக்சைடு கரைசலில், சுமார் 30 பாகை செல்சியஸில், நீண்ட நேரம் ஊறவைத்து எடுத்தார்களாம்.

ஏன் காரக் கரைசல்? இந்த அமிலம் காரத்தில் நன்றாகக் கரையும். அமிலத்தன்மையுள்ள நீரில் மிகக் குறைவாகவே கரையும். பெரியப்பாவைப் படுக்க வைத்ததும் இதே குணம்தான். சிறுநீர் பொதுவாகச் சற்று அமிலத்தன்மை கொண்டது. அதில் இது கரையாமல் ஊசி ஊசியாகப் படிந்து சிறுநீர்ப் பாதையைக் கீறுகிறது, அடைக்கிறது. சிறுநீரைக் காரத்தன்மைக்கு மாற்றச் சில வேளைகளில் சோடியம் பைகார்பனேட் கொடுப்பதும் இதனால்தான்.

பொருள் கையில் கிடைத்துவிட்டது. அது என்ன பொருள்?

ஒரு மூலக்கூறில் 7 கார்பன், 14 ஹைட்ரஜன், 2 நைட்ரஜன், 4 ஆக்சிஜன், 2 கந்தகம். நம் தலைமுடியிலும் நகத்திலும் நிறைய இருக்கும் சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தை இரண்டு மடங்காக்கிப் பாருங்கள்: 6 கார்பன், 14 ஹைட்ரஜன், 2 நைட்ரஜன், 4 ஆக்சிஜன், 2 கந்தகம். அதாவது, ஜெங்கோலிக் அமிலம் என்பது இரண்டு சிஸ்டீனும் கூடுதலாக ஒரே ஒரு கார்பனும்! அந்தக் கார்பன் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் புதிர். அணுக்களை எண்ணிப் பார்த்தால் மட்டும் அது தெரியாது. இரண்டு கந்தகங்களையும் ஒரு பாலம் போல அது இணைக்கிறது என்பது கருத்து. கருத்து சரியாகத்தான் தோன்றுகிறது. ஆனால் தோன்றுவது போதுமா?

இந்த இடத்தில் என் சொந்தக் கதை ஒன்று. அதே வாரம் ஆய்வக வகுப்பில் ஒரு வெள்ளைத் தூள் தயாரித்திருந்தேன். உருகுநிலையை மட்டும் பார்த்துவிட்டு, எதிர்பார்த்த பெயரையே அறிக்கையில் எழுதிக் கொடுத்தேன். விரிவுரையாளர் ஓரத்தில் சிவப்பு மையில், "வேறு பொருளாக இருக்க முடியாது என்று உனக்கு எப்படித் தெரியும்?" என்று எழுதியிருந்தார். மதிப்பெண்ணும் போனது. எரிச்சலாகத்தான் இருந்தது. தூள் வெள்ளையாக இருக்கிறது, உருகுநிலை ஒத்துப்போகிறது, இதற்கு மேல் என்ன வேண்டும் என்று தோழியிடம் புலம்பினேன்.

என்ன வேண்டும் என்பதை 1936இல் அமெரிக்காவில் வின்சென்ட் டு வின்யோவும் பேட்டர்சனும் செய்து காட்டியிருக்கிறார்கள். கார்பன் உண்மையிலேயே இரண்டு கந்தகங்களுக்கு நடுவில் இருக்கிறது என்றால், அப்படி ஒன்றை நாமே கட்டிப் பார்க்கலாமே! காயும் வேண்டாம், சிறுநீரும் வேண்டாம். சிஸ்டீனை எடுத்தார்கள். இணைப்புக் கார்பனைத் தர டைகுளோரோமீத்தேன். நாங்கள் ஆய்வகத்தில் வெறும் கரைப்பானாக ஊற்றிப் பயன்படுத்தும் அதே திரவம்! வினை நடந்தது திரவ அமோனியாவில். அமோனியா கொதிப்பதே கழித்தல் 33 பாகையில். ஆகவே எல்லாம் கடுங்குளிரில் நடக்க வேண்டும். எது எங்கே இணைந்தது என்பது செய்தவர்களுக்குத் தெரியும். இப்படிக் கட்டிய பொருளை இயற்கையில் கிடைத்ததோடு ஒப்பிட்டார்கள். இரண்டும் ஒன்றே.

இன்று என்.எம்.ஆர். கருவியில் வைத்தால் அமைப்பைப் பற்றிய பெரும்பகுதி விவரம் சில நிமிடங்களில் வந்துவிடும். அந்தக் கருவி இல்லாத காலத்தில், ஒரு பொருளைத் தயாரித்துக் காட்டுவதுதான் அது இன்னதென்பதற்கு வலுவான சாட்சி. 1947இல் ஆர்ம்ஸ்ட்ராங்கும் டு வின்யோவும் இன்னும் எளிய வழியைக் கண்டார்கள். கடும் அமிலத்தில் சிஸ்டீனோடு ஃபார்மால்டிஹைடைச் சேர்த்தாலே போதும். (டு வின்யோவுக்கு 1955இல் நோபல் பரிசு கிடைத்தது. கந்தகச் சேர்மங்கள் பற்றிய ஆய்வுகளுக்காக, முக்கியமாக ஆக்சிடோசின் ஹார்மோனைத் தயாரித்ததற்காக. ஜெரிங் காய்க்காக அல்ல!)

நடுவிலிருக்கும் அந்தக் கார்பனை எடுத்துவிட்டு இரண்டு கந்தகங்களையும் நேராக இணைத்தால் கிடைப்பது சிஸ்டின். அது நம் உடலிலேயே உள்ள பொருள். 1810இல் வொல்லாஸ்டன் அதை முதன்முதலில் கண்டெடுத்தது ஒரு சிறுநீர்ப்பைக் கல்லில். அதுவும் எளிதில் கரையாது. உறவுக்காரர்கள்தானே, குணமும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அடுத்த விடுமுறையில், மேசையில் இரண்டு தீப்பெட்டிகளை வைத்து நடுவில் ஒரு புளியங்கொட்டையை நிறுத்தி, பெரியம்மாவுக்கு விளக்கினேன். கவனமாகக் கேட்டுக்கொண்டார். பெரியப்பா கேட்டது ஒரே கேள்வி. "சரிம்மா, அப்ப எத்தனை காய் வரைக்கும் சாப்பிடலாம்?"

அதற்கு என்னால் ஓர் எண்ணைச் சொல்ல முடியவில்லை. காய்க்குக் காய் அளவு மாறுகிறது. அன்று அதே கெண்டூரியில் அவரோடு உட்கார்ந்து சாப்பிட்ட மற்றவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. பெரியம்மா காத்திருக்கவில்லை. "பூஜ்யம்" என்று அவரே பதில் சொல்லிவிட்டார்.

இப்போதெல்லாம் பாசார் மாலாமில் ஜெரிங் விற்கும் கடையைக் கடக்கும்போது மட்டும் பெரியப்பா கொஞ்சம் மெதுவாக நடக்கிறார்.