பழைய காருக்கு ஏ.பி.எஸ். பொருத்தலாமா?

பிரேக்கை ஓங்கி மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொள்கிறது; டயர் உருளாமல் சறுக்குகிறது. முன்சக்கரம் சறுக்கினால் ஸ்டீயரிங்கை எவ்வளவு திருப்பினாலும் வண்டி திரும்பாது. ஏ.பி.எஸ். (ஆன்டி-லாக் பிரேக்கிங் சிஸ்டம்) தடுப்பது இதைத்தான். 1978இல் பாஷ் நிறுவனம் மெர்சிடிஸ் எஸ் கிளாஸ் கார்களுக்குத் தந்த அந்த மின்னணு அமைப்பின் அடிப்படை இன்றும் மாறவில்லை. சக்கரத்தின் வேகத்தை சென்சார் அளக்கிறது. வேகம் திடீரென விழுந்தால், வால்வுகள் பிரேக் ஆயில் அழுத்தத்தை நொடிக்குப் பலமுறை தளர்த்தி ஏற்றுகின்றன.

அப்படியானால் பழைய மாருதி 800இல் அதை மாட்டிவிடலாமே? மாட்டலாம், ஓடாது என்றில்லை. ஆனால் பல்சக்கர வளையம், சென்சார் பொருந்தும் ஹப், வால்வுத் தொகுதி, புதிய குழாய்கள், வயரிங் எல்லாம் வேண்டும். அதைவிடப் பெரிய சிக்கல், வால்வுகளை இயக்கும் கணினியின் கணக்கு. வண்டியின் எடை, சக்கர இடைவெளி, பிரேக்கின் அளவு ஆகியவற்றுக்கேற்பச் சோதனைத் தடத்தில் அளந்து எழுதியது அது. வேறு காரின் கணினி தவறான நேரத்தில் அழுத்தத்தைத் தளர்த்தினால் நிற்கும் தூரம் கூடும். உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் இந்தச் சோதனை வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து.

அதே மாடலிலேயே ஏ.பி.எஸ். வகை வந்திருந்தால் அதன் பாகங்களை முழுத் தொகுப்பாக மாற்றலாம்; அதுவும் அனுபவமுள்ள மெக்கானிக் கையால். மற்றவர்கள் அந்தப் பணத்தில் நல்ல டயர் வாங்குங்கள், ஈரத்தை உறிஞ்சும் பிரேக் ஆயிலை இரண்டு ஆண்டுக்கொரு முறை மாற்றுங்கள், வெடித்த ரப்பர் ஹோஸையும் தேய்ந்த பேடையும் உடனே கழற்றிப் புதியதை மாட்டுங்கள்.