துணிவும் இடரும்: ஆங்கிலச் சொற்கள் சிலவும் மலையக வாழ்வும்

பிறமொழி கற்போர், ஒரு சொல்லுக்கு நேராக மற்றொரு சொல்லை எழுதி மனனஞ் செய்த அளவில் அதன் பொருள் விளங்கிவிட்டதெனக் கருதுவது வழக்கம். முடிவு செய்தலையும் இடர்ப்படுதலையும் குறிக்கும் ஆங்கிலச் சொற்களோ அவ்வளவில் அடங்குவன அல்ல. முடிவு செய்தவர் யார், அம்முடிவின் விளைவை நுகர்ந்தவர் யார் என்னும் வினாக்களை எழுப்பிய பின்னரே அவற்றின் முழுப்பொருளும் புலனாகும். நுவரெலியா, அட்டன் முதலிய பகுதிகளின் தேயிலைத் தோட்ட மக்களது வரலாறு இவ்வுண்மைக்குத் தக்க சான்றாகும்.

முடிவு செய்தலைக் குறிக்கும் சொற்களை முதற்கண் நோக்குக. 'டிசைட்' என்பது, வெட்டிவிடுதல் எனப் பொருள்படும் இலத்தீன் வினையினின்று பிறந்தது. பல வழிகளுள் ஒன்றைக் கொண்டு, ஏனையவற்றை வெட்டி நீக்குதலே முடிவு என்பது அதன் உட்கருத்து. தமிழிலும் இத்தகைய உறவு உண்டு. துணித்தல் என்பது வெட்டுதல். துணிதல் என்பது உறுதி கொள்ளுதல். கடல்களாற் பிரிந்த இரு மொழிகள் இவ்விடத்து ஒரே வழியிற் சிந்தித்திருத்தல் வியக்கத்தக்கது. 'சூஸ்' என்பது சுவைத்தறிதலோடு உறவுடைய பழஞ்சொல். 'ஒப்ஷன்' என்பது விரும்புதல் என்னும் பொருளடியாகத் தோன்றியது. இம்மூன்றினையும் 'தெரிவு' என்னும் ஒரே சொல்லாற் பெயர்த்துவிடின் அவற்றினிடையே உள்ள வேறுபாடு மறைந்துபோகும். எனினும் மூன்றிற்கும் பொதுவான இயல்பொன்று உண்டு. தெரிபவர் முன்னே இரண்டு வழிகளேனும் உண்மையாகத் திறந்திருத்தல் வேண்டும் என்பதே அது.

இனி, இடரைக் குறிக்கும் சொற்கள். 'டிஃபிகல்ட்' என்பது எளிதிற் செய்ய இயலாதது; கடினமான கணக்கைப் பயிற்சியினால் வென்றுவிடலாம். 'ஹார்ட்ஷிப்' என்பதோ நாள்தோறும் தாங்க வேண்டிய இல்லாமை. அதனைப் பயிற்சியினால் வெல்லுதல் அரிது. 'டிஸ்ட்ரெஸ்' என்னுஞ் சொல்லின் அடியில் இறுகப் பிடித்தல் என்னும் பொருள் உண்டு; நெருக்குதலினின்று பிறந்த நம் 'நெருக்கடி'யும் அதுவே. 'டிலெமா' என்பது எவ்வழிச் செல்லினும் துன்பமே எய்தும் இருதலை நிலை. 'கிரைசிஸ்' என்பது இன்று பெருநெருக்கடியைக் குறிப்பினும், கிரேக்க மொழியில் தீர்ப்பு எனவே பொருள்பட்டது. நோய் தணியுமோ மிகுமோ என்பது தீர்மானமாகும் வேளையை அக்கால மருத்துவர் இச்சொல்லாற் சுட்டினர். ஆகவே முடிவும் இடரும் ஒரே சொல்லுள் அடங்குதல் காணலாம்.

'லேபர்' என்பதும் ஈண்டுக் கருதத்தக்கது. வருத்தி உழைத்தலைக் குறித்த இச்சொல் உழைப்போர் கூட்டத்திற்கும் பெயராயிற்று. 1947 இல் தலவாக்கலைத் தொகுதியின் உறுப்பினராகத் தெரிவுசெய்யப்பட்ட சி. வி. வேலுப்பிள்ளை, தோட்ட மக்களைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய தமது நூலொன்றிற்கு 'போர்ன் டு லேபர்' எனப் பெயரிட்டார். உழைக்கப் பிறந்தோர், துன்புறப் பிறந்தோர் என்னும் இரு பொருளையும் அப்பெயர் ஒருங்கே தருகின்றது.

திருவள்ளுவர் 'தெரிந்து செயல்வகை'யையும் 'இடுக்கண் அழியாமை'யையும் பொருட்பாலின் அரசியல் என்னும் ஒரே இயலில் வைத்துள்ளார். முடிவு செய்பவனே அதனால் வரும் இடரையுந் தாங்குதல் வேண்டும் என்பது அவ்வைப்பு முறையினின்று கொள்ளத்தக்கது. மலையகத்தில் நிகழ்ந்ததோ இதற்கு மாறானது.

1947 ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசின் சார்பில் எழுவர் நாடாளுமன்றம் புகுந்தனர். அடுத்த ஆண்டில் இயற்றப்பட்ட குடியுரிமைச் சட்டம், தந்தையோ பாட்டன் வழியினரோ இலங்கையிற் பிறந்தமையைச் சான்று கொண்டு நிறுவுமாறு வேண்டிற்று. பிறப்புப் பதிவுகள் அரிதாயிருந்த தோட்ட மக்களுட் பெரும்பாலோரால் அஃது இயலவில்லை. 1949 இல் வந்த பிறிதொரு சட்டம், நெடுங்காலம் வதிந்தோர் விண்ணப்பஞ் செய்து குடியுரிமை பெற வழி வகுத்ததெனினும், விண்ணப்பித்தோருட் சிறுபாலோரே அதனைப் பெற்றனர். அவ்வாண்டிலேயே வாக்குரிமையும் அகன்றது.

பின்னர், 1964 அக்டோபர் 30 ஆம் நாள் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தஞ் செய்தனர். நாடற்றோர் தொகை 9,75,000 எனக் கொள்ளப்பட்டது. அவர்களுள் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும். 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்கும். எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர்ப் பேசப்படும் என்பது உடன்பாடு. 1974 இல் அவ்வெச்சமும் ஈராகப் பகுக்கப்பட்டது. இம்மக்களைக் கேளாமலே தொகை துணியப்பட்டது. விண்ணப்பப் படிவம் அதன் பின்னரே அவர்கள் கைக்கு வந்தது. இலங்கைக் குடியுரிமை வேண்டி விண்ணப்பித்தோர் குறித்த தொகைக்கு மிக்கனர். இந்தியக் குடியுரிமை வேண்டினோர் குறைந்தனர். படிவத்தில் விருப்பம் இருந்தது. விரும்பியதைப் பெறும் வழி எண்ணிக்கையால் அடைக்கப்பட்டிருந்தது. 'ஒப்ஷன்' என எழுதப்பட்டது வாழ்வில் 'டிலெமா' ஆயிற்று. துணிந்தவர் வேறு; துணிக்கப்பட்டவர் வேறு.

'ரிபேட்ரியேஷன்' என்னுஞ் சொல் தாயகத்துக்கு மீளச் செல்லுதலைக் குறிப்பது. மீளுதற்கு முன்னர் அங்கிருந்து வந்திருத்தல் வேண்டும். லயன் அறையிற் பிறந்து, கொழுந்து மலையன்றிப் பிறிதோர் ஊரையுங் காணாதவர் தலைமன்னாரிற் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்குதலை மீளுதல் எனல் எங்ஙனம் பொருந்தும்? அரசினர் ஏட்டில் அச்சொல் நின்றது. மக்கள் நாவிலோ வேறொரு பெயர் தோன்றிற்று. மலைநாட்டினின்று அவர்களை ஏற்றிச் சென்ற புகைவண்டியை 'ஒப்பாரிக் கோச்சி' என்றனர். எழுத்தாளர் மு. சிவலிங்கம் தமது சிறுகதைத் தொகுதிக்கு அப்பெயரையே சூட்டியுள்ளார். கோச்சி என்பது 'கோச்' என்னும் ஆங்கிலச் சொல்லின் வழிவந்தது. இரவல் வாங்கிய சொல்லின் முன்னே ஒப்பாரியை இணைத்து, ஏட்டுச் சொல் மறைத்ததை எழுத்தறியாத மக்கள் விளங்க உரைத்தனர். வெட்டப்பட்டவர் குரல் அப்பெயரிற் கேட்கின்றது.

1986, 1988, 2003 ஆகிய ஆண்டுகளின் சட்டங்களால் நாடற்ற நிலை படிப்படியாக நீங்கிற்று. எனினும் மடலும் படிவமும் உடன்படிக்கையும் ஆங்கிலத்தில் வருவது ஒழியவில்லை. ஆதலின், இச்சொற்களைக் கற்கும் மாணவர் அகராதிப் பொருளோடு நின்றுவிடல் ஆகாது. 'தீர்மானிக்கப்பட்டது' என்ற இடத்தில், யாரால் என வினவுதல் வேண்டும். 'வழங்கப்படும்' என்ற இடத்தில், அஃது உரிமையோ கொடையோ என ஆராய்தல் வேண்டும். 'விருப்பம்' என்ற இடத்தில், மறுக்கவும் இடமுண்டோ எனக் காணுதல் வேண்டும். கையொப்பமிடுமுன் இவ்வினாக்களை எழுப்பவல்லார்க்கே அம்மொழியறிவு உறுதுணையாகும்.