உங்களுக்குத் தெரியுமா? நிலைப்படியும் சாய்தளமும்

மணலிக்குப் பக்கத்தில் உள்ள திருவொற்றியூரில், மனைவி சங்கிலியாருக்குப் பிரியமாட்டேன் என்று கொடுத்த வாக்கை மீறி ஊர் எல்லையைத் தாண்டியதும் சுந்தரமூர்த்தி நாயனாருக்குப் பார்வை போனது. வழியில் திருவெண்பாக்கத்தில் சிவன் அவருக்கு ஊன்றுகோல் கொடுத்தார் என்கிறது பெரியபுராணம்.

அன்று அவர் நடக்க ஊன்றுகோல் உதவியது; ஆனால் இன்று சக்கர நாற்காலியில் வருபவருக்குப் பழைய கோயில்களின் கல் நிலைப்படிதான் முதல் தடை. முன்சக்கரம் அதில் முட்டி நின்றுவிடும். ஓரடி உயரத்துக்கு 12 அடி நீளச் சாய்தளம் தேவை. 15 செ.மீ. படிக்கே 180 செ.மீ. வேண்டும்! கல்லைச் செதுக்காமல், வேண்டும்போது வைத்து எடுக்கும் மரச் சாய்தளமே பழைய கட்டடத்துக்கு நல்லது. பழமையைக் காட்டி ஒருவரை வாசலிலேயே நிறுத்துவது நியாயமில்லை. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்லும் 'பொதுக் கட்டடம்' என்பதில், மக்கள் வந்துபோகும் வழிபாட்டு இடங்களும் அடக்கம்.