நித்தியகல்யாணியும் மண்ணில் வாழும் அதன் தோழர்களும்

கல்லறைத் திருநாளன்று மாலையும் மெழுகுவர்த்தியுமாய்க் கல்லறைத் தோட்டத்திற்குச் செல்லும்போது, சிலுவைகளின் ஓரத்தில் வெள்ளையாகவும் இளஞ்சிவப்பாகவும் பூத்து நிற்கும் ஒரு செடியைக் காண்கிறோம். யாரும் அதற்கு நீர் ஊற்றுவதில்லை. ஆடு மாடும் கடிப்பதில்லை. ஆண்டு முழுவதும் பூப்பதால் நித்தியகல்யாணி என்று பெயர். நிற்கும் இடத்தைப் பார்த்துச் சுடுகாட்டு மல்லி என்பாரும் உண்டு. அதன் தாயகம் மடகாஸ்கர் தீவு.

1950களில் கனடாவில் ராபர்ட் நோபிள், சார்லஸ் பீர் என்னும் அறிஞர்கள், நீரிழிவுக்கு உதவுமோ என்று இதன் இலைச் சாற்றை எலிகளுக்குச் செலுத்திப் பார்த்தனர். சர்க்கரை குறையவில்லை, இரத்த வெள்ளணுக்கள் குறைந்தன. வெள்ளணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகும் நோய்தானே இரத்தப் புற்றுநோய்! 1958இல் வின்பிளாஸ்டின் என்ற மருந்து வெளிப்பட்டது, அதையடுத்து வின்கிரிஸ்டின். இரத்தப் புற்றுநோயால் வாடும் குழந்தைகளுக்கு இன்றும் உலகெங்கும் தரப்படும் மருந்து இந்த வின்கிரிஸ்டின். ஆனால் அதில் ஒரு கிராம் எடுக்க நூற்றுக்கணக்கான கிலோ உலர்ந்த இலை வேண்டும்! ஆகவே தானாய் முளைத்த செடி வயலுக்கு வந்தது. தமிழ்நாட்டில் மழையை நம்பிய நிலங்களில் இதைப் பயிரிடுகின்றனர்.

அங்கேதான் தொல்லை. விதை மிகச் சிறியது, நாற்று அழுகும், மழை பொய்க்கும். உதவிக்கு வருபவை மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள். அசோஸ்பைரில்லம் வேரைச் சுற்றி வாழ்ந்து, காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்கு உணவாக்குகிறது. வேர்த் தூவிகளைப் பெருக்கும் வளர்ச்சிப் பொருளையும் சுரக்கிறது. நம் கோரிமேட்டுப் பக்கத்துச் செம்மண்ணில் மணிச்சத்து இரும்போடு பிணைந்து கிடக்கும். பாஸ்போபாக்டீரியா அமிலம் சுரந்து அதை விடுவிக்கிறது. சூடோமோனாஸ் நாற்றழுகலை உண்டாக்கும் பூசணங்களை அடக்குகிறது. கூலி கேட்பதில்லை, வேரில் கசியும் சிறிது சர்க்கரையே போதும்.

நமக்கு அண்மையிலுள்ள சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தார் நித்தியகல்யாணிக்கு நீரைக் குறைத்து, சூடோமோனாஸ் புளோரசன்ஸ் கொடுத்துச் சோதித்தனர். முடிவு 2007இல் வெளிவந்தது: வறட்சியிலும் செடியின் எடை கூடியது, வேரிலுள்ள அஜ்மலிசின் என்னும் மருந்துப் பொருளும் கூடியது. இது இரத்த அழுத்தத்திற்குப் பயன்படுவது. உரமிட்டால் செடி பெருக்கும் என்பது எவரும் அறிந்ததே. மருந்துச் சத்தே பெருகியதுதான் நமக்கு வியப்பு.

பள்ளித் தோட்டத்திலும் இதைச் செய்து பார்க்கலாம். காய் மஞ்சளாகி வெடிக்குமுன் பறித்து, உலர்த்தி விதை எடுங்கள். ஆறிய அரிசிக் கஞ்சியில் நுண்ணுயிர்ப் பொடியைக் குழைத்து, விதையைப் புரட்டி, அரைமணி நேரம் நிழலில் உலர்த்துங்கள். வெயில் கூடாது, பூச்சி மருந்தும் சேரக்கூடாது, உள்ளே இருப்பவை உயிர்கள் அல்லவா? பொட்டலத்தின் காலாவதித் தேதியையும் பார்க்க வேண்டும். குருமாம்பேட்டிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் விசாரித்தால் வழி சொல்வார்கள். விதையை மணலோடு கலந்து விதைத்து, மெல்லிய மண் போர்வையிடுங்கள். இவ்விதை இருட்டில்தான் நன்கு முளைக்கும்.

ஓர் எச்சரிக்கை. இச்செடி முழுவதும் நச்சு. பாட்டி வைத்தியம் என்று கஷாயம் வைத்துக் குடித்துவிடாதீர்கள். கிள்ளினால் வரும் பாலைக் கழுவிவிடுங்கள்.

பொடி சேர்த்த விதைக்கு ஒரு தொட்டி, சேர்க்காததற்கு ஒரு தொட்டி. மண்ணும் நீரும் ஒன்றே. எத்தனை விதை எந்த நாளில் முளைத்தது என்று குறித்து வாருங்கள். இரண்டு மாதம் கழித்து ஒவ்வொன்றிலும் சில செடிகளை மெல்லப் பிடுங்கி, வேரைக் கழுவி, வெள்ளைத்தாளில் அருகருகே வைத்துப் பாருங்கள்.