ஓய்வு நாளில் வேலை: கேட்டது யார்?

"நாளைக்கு ஒருத்தர் எம்சி. கொஞ்சம் வந்துட்டுப் போங்கண்ணே." சனிக்கிழமை இரவில் மேற்பார்வையாளரிடமிருந்து வரும் இத்தகைய அழைப்பு, சிங்கப்பூரில் உணவகம், துப்புரவு, கிடங்கு, கட்டுமானம் போன்ற துறைகளில் வேலை செய்வோருக்குப் புதிதல்ல. மறுத்தால் மரியாதைக் குறைவாகிவிடுமோ, அடுத்த மாத அட்டவணையில் அது எதிரொலிக்குமோ என்ற தயக்கத்தில் பலரும் "சரி" என்றுவிடுகின்றனர். அந்தச் "சரி"க்குச் சட்டம் என்ன மதிப்பு கொடுக்கிறது என்பதைத் தெரிந்து வைத்திருப்பவர்கள் குறைவு.

வேலை நியமனச் சட்டத்தின் நான்காம் பகுதி வாரத்திற்கு ஒரு நாள் ஓய்வு கொடுக்கப்பட வேண்டும் என்கிறது. 2019 ஏப்ரலில் நடப்புக்கு வந்த திருத்தத்தின்படி, மாத அடிப்படைச் சம்பளம் 4,500 வெள்ளிக்கு மேற்போகாத உடலுழைப்புத் தொழிலாளர்களும் 2,600 வெள்ளிக்கு மேற்போகாத மற்ற ஊழியர்களும் இப்பகுதியில் அடங்குவர். வேலை அனுமதிச்சீட்டில் வந்துள்ள கட்டுமானத் தொழிலாளிக்கும் இது பொருந்தும். மேலாளர்களுக்குப் பொருந்தாது.

ஓய்வு நாளுக்குச் சம்பளம் இல்லை. அது ஞாயிற்றுக்கிழமையாகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. ஷிப்ட் முறையில் வேலை செய்வோருக்குத் தொடர்ச்சியான 30 மணி நேரம் ஓய்வு நாளாகக் கணக்கிடப்படலாம். ஆனால் எந்தெந்த நாள் ஓய்வு என்பதை மாதம் தொடங்குவதற்கு முன்பே முதலாளி அறிவித்துவிட வேண்டும்.

அந்த நாளில் வேலைக்கு வந்தே தீர வேண்டும் என்று முதலாளி கட்டாயப்படுத்த முடியுமா? பொதுவாக முடியாது. விபத்து நேர்ந்தாலோ நேரும் அபாயம் இருந்தாலோ, இயந்திரத்தில் அவசரப் பழுது ஏற்பட்டாலோ, முன்கூட்டி அறிய முடியாத காரணத்தால் வேலை தடைப்பட்டாலோ, மக்களின் வாழ்வுக்கோ நாட்டின் பாதுகாப்புக்கோ இன்றியமையாத பணி என்றாலோ விலக்கு உண்டு. வாரந்தோறும் இருக்கும் ஆள் பற்றாக்குறையை "எதிர்பாராதது" என்று சொல்வது பொருத்தமாகத் தெரியவில்லை.

சம்பளக் கணக்குதான் இதில் முக்கியம். இங்கே சட்டம் முதலில் கேட்பது, வேலை செய்யும்படி கேட்டது யார் என்பதைத்தான். 2,600 வெள்ளி அடிப்படைச் சம்பளத்தில் வாரம் ஆறு நாள் வேலை செய்பவரை எடுத்துக்கொள்வோம். ஆண்டுச் சம்பளம் 31,200 வெள்ளி. அதை 52 வாரம், ஆறு நாள் என்று வகுத்தால் ஒரு நாள் சம்பளம் 100 வெள்ளி. முதலாளி கேட்டு இவர் ஓய்வு நாளில் வந்தால், வழக்கமான வேலை நேரத்தில் பாதி வரை ஒரு நாள் சம்பளம், அதாவது 100 வெள்ளி. பாதிக்கு மேல் போனால் இரண்டு நாள் சம்பளம், 200 வெள்ளி. வழக்கமான நேரத்தையும் தாண்டினால் அதற்குமேல் ஒன்றரை மடங்கு மிகைநேர ஊதியம். அதே வேலையை ஊழியர் தாமாகக் கேட்டுச் செய்தால் கிடைப்பது 50 அல்லது 100 வெள்ளிதான்.

ஒரே நாள், ஒரே வேலை. கையில் வரும் தொகை பாதியாகிறது. ஆகவே "கொஞ்சம் வந்துட்டுப் போங்க" என்பது எத்தனை அன்பாகச் சொல்லப்பட்டாலும் அது முதலாளி தரப்பின் வேண்டுகோள்தான். பிறகு ஏட்டில் அது ஊழியரின் "விருப்பம்" என்று பதிவாகிவிடக் கூடாது. தொலைபேசியில் பேசிய பேச்சுக்குச் சாட்சி இல்லை. "நாளை காலை 8 மணிக்கு நீங்கள் வரச் சொன்னபடி வருகிறேன்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்பிவைப்பதில் யாருக்கும் மனத்தாங்கல் வர வேண்டியதில்லை.

தாங்களே ஞாயிறு வேலையைத் தேடிப் போகிறவர்களும் உண்டு. ஊரில் ஏஜெண்டுக்குக் கொடுக்கக் கடன் வாங்கிவிட்டு வந்தவருக்குத் தேக்காவில் நண்பர்களைச் சந்திப்பதைவிட அந்தக் கூடுதல் சம்பளம் பெரிதாகத் தெரியும். அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் இரண்டு ஓய்வு நாள்களுக்கு இடையே 12 நாளுக்கு மேல் இடைவெளி போகக் கூடாது. மிகைநேரமும் பொதுவாக மாதத்திற்கு 72 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. பணிப்பெண்கள் இந்தச் சட்டத்தில் வரமாட்டார்கள் என்றாலும், 2023 ஜனவரி முதல் அவர்களுக்கு மாதத்தில் ஒரு ஓய்வு நாளையாவது பணம் கொடுத்து ஈடுகட்ட முடியாது என்ற விதி வந்துள்ளது.

ஐந்து நாள் வேலை செய்வோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவர்களின் சனிக்கிழமை பெரும்பாலும் வேலையில்லா நாளே தவிர, சட்டப்படியான ஓய்வு நாள் அல்ல. அன்று செய்யும் கூடுதல் வேலைக்கு ஒன்றரை மடங்கு மிகைநேர ஊதியம்தான்; இரட்டைச் சம்பளம் கிடையாது. எது எந்த நாள் என்பது வேலை ஒப்பந்தத்தில் இருக்கும்.

2016 ஏப்ரல் முதல் விவரமான சம்பளச் சீட்டு கொடுப்பது கட்டாயம். ஓய்வு நாள் ஊதியம் அதில் தனியாகக் காட்டப்பட வேண்டும். காட்டப்படவில்லை என்றால் முதலில் மனிதவளப் பிரிவிடம் கேட்கலாம். தொழிற்சங்க உறுப்பினர் சங்கத்தை நாடலாம். அதிலும் தீராவிட்டால், 2017-ல் தொடங்கப்பட்ட டிஏடிஎம் என்னும் முத்தரப்பு அமைப்பு சமரசம் பேசும். அங்கும் உடன்பாடு ஏற்படாவிட்டால் வேலை நியமனக் கோரிக்கைகளுக்கான நடுவர் மன்றம் இருக்கிறது. வேலையில் இருப்பவர் ஓராண்டுக்குள் புகார் செய்ய வேண்டும். வேலையை விட்டவருக்குக் கடைசி வேலை நாளிலிருந்து ஆறு மாதம்தான் அவகாசம்.